காலி வண்டி எடை

இரவெல்லாம் டிரெய்லர் எடை போடுகிற வேலை எனக்கு,
எர்ணாவூர்ப் பக்கம், கண்டெய்னர் கிடங்கு வாசலில்.
ஆறரைக்கு ஷிப்ட் முடிந்து
திருவொற்றியூரில் ஷேர் ஆட்டோவை விட்டு இறங்கினால்
வீட்டுக்குள் போகமாட்டேன்.
செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நேரே மொட்டைமாடி.

அங்கே பதினோரு மீன்பெட்டிகள்.
காசிமேட்டில் ஐஸ் போட்டு வஞ்சிரம் அடுக்கிய தெர்மாகோல்,
மூலை உடைந்ததும் ஜெரால்டு கொண்டுவந்து தருவான்.
எவ்வளவு கழுவினாலும் கவிச்சி போகாது.
கத்தரிக்கு அது பிடித்திருக்கிறது.

பங்குனி பிறந்தாலும்
இலை துடைக்கிற துணி கருப்பாவது நிற்பதில்லை.
ஆனால் அந்தக் கரிக்கு அடியில் வேறொரு பச்சை வந்திருக்கும்,
பிறந்த குழந்தையின் நகம் மாதிரி,
அழுத்தித் துடைக்கப் பயமாக.
கீழே, மெட்ரோ தண்ணி லாரி நிற்கிற சந்தில்
வேம்பு உதிர்ந்து பைக் சீட்டெல்லாம் வெள்ளை.
மணலிச் சுடர் வெயில் ஏற ஏற வெளிறிப்போகிறது.
அடுக்குமல்லி மூன்று மொட்டு. போன வாரம் ஒன்று.

கறிவேப்பிலையில் ஏழு புழு.
காக்கா எச்சம் என்று நினைத்துத் துடைக்கப் போனேன்.
எச்சம் நடந்தது.
ஒரு வாரத்தில் பச்சை உடுத்திக்கொண்டன;
விரலால் சீண்டினால் தலைக்குள்ளிருந்து
சிவப்பாக இரண்டு கொம்பு நீட்டி
நாரத்தங்காய் அழுகிய வாசம் விடும்.
இவ்வளவு சின்ன உடம்பில் இவ்வளவு கோபம்.

மூன்றாம் மாடி தேசம்மா
குழம்பு கொதிக்கிற அவசரத்தில் வந்து
"இன்னாடி இது, குச்சியவா வளக்குற?" என்றாள்.
மருந்து அடிக்கச் சொன்னாள்.
உனக்கு மார்க்கெட் இருக்குக்கா, இதுங்களுக்கு ஏது என்றேன்.
"நைட் டூட்டி பாத்துப் பாத்து உனக்குக் கயண்டுபோச்சு."
சொல்லிவிட்டு, மேல் கொப்பில் பாக்கியிருந்த
நாலு இலையையும் கிள்ளிக்கொண்டு போனாள்.

எட்டாம் பெட்டியை நான் கவனிக்கவே இல்லை.
கத்தரி இலை இரண்டைச் சேர்த்து
விளிம்பில் துளை போட்டுத் தைத்திருந்தது தையல்சிட்டு.
நூல், நீல நைலான்.
வலை சரிசெய்கிறவர்கள் வெட்டிப்போட்ட பிசிறு,
அதுவாகத் தூக்கி வந்ததோ, என் பெட்டியில் ஒட்டி வந்ததோ.
உள்ளே கண் திறக்காத மூன்று வாய்.

இரவில் நான் பார்ப்பது நாற்பது டன், நாற்பத்திரண்டு டன்.
இந்தத் தாய் ஏழு கிராம் இருக்குமா?
எங்கள் எடைமேடையில்
இருபது கிலோவுக்குக் கீழே எது ஏறினாலும் பூஜ்யம்.

புழு ஐந்தானது.
ஓணானைச் சந்தேகப்பட்டேன். காக்கையைத் துரத்தினேன்.
அணிலுக்கு ஒருநாள் காரணமே இல்லாமல் ஏச்சு விழுந்தது.
மூன்றானது.

வியாழக்கிழமை, டீ கையில் இருக்க, பார்த்தேன்.
வாலை நட்டுக்கொண்டு கறிவேப்பிலைக்கு வந்தது தையல்சிட்டு.
சிவப்புக் கொம்பு நீண்டது. பலிக்கவில்லை.
இழுத்த இழுப்புக்குப் புழு கொம்பைக் கடைசிவரை விடவில்லை.
பிறகு நீல நூல் வீட்டில்
சத்தம் கொஞ்ச நேரம் அடங்கியிருந்தது.

கையைத் தட்டியிருக்கலாம்.
டீயில் ஆடை கட்டியது.

சித்திரையில் குஞ்சுகள் போயின.
இரண்டு பறந்ததைப் பார்த்தேன், மூன்றாவதைப் பார்க்கவில்லை.
கடைசிப் புழு எப்போது செடியை விட்டு இறங்கியதோ,
தண்ணீர்த்தொட்டிக் குழாய்க்குப் பின்னால்
இடுப்பில் ஒற்றை இழை கட்டிக்கொண்டு
கம்பத்தில் சாய்ந்த லைன்மேன் மாதிரி
பன்னிரண்டு நாள்.

இன்று காலை அது பிளந்து கிடந்தது.
பறந்தாகிவிட்டது. கடல் பக்கமோ, மணலிப் பக்கமோ.
உமியைவிட லேசான அந்த ஓட்டை
உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.
இது காலி வண்டி எடை.
சரக்கு எவ்வளவு என்று கழித்துப் பார்க்க
ஏற்றிய எடையை நான் குறித்துவைக்கவில்லை.

கீழிருந்து தேசம்மா,
"கறிவேப்பில துளுத்துச்சாடி?"

துளிர்த்திருந்தது.
"இன்னும் இல்லக்கா" என்றேன்.